நீல அட்டைப் புத்தகம்

ஒரு கோப்பை தேநீருக்காக நான் பதினொரு பத்திரங்கள் கொண்டுபோனேன். பத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

தேநீர் என் மனைவிக்கு. பலாங்கொடைக்கு மேலே, பஸ் போகும் பாதை முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் ஏற வேண்டிய மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா இருக்கிறது. அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில்தான் அவள் பிறந்தாள். அவளுடைய தகப்பனார் அந்தப் பங்களாவின் அப்பு. அதாவது தோட்ட நிர்வாகியான துரைக்கும் அவர் மனைவி துரைசாணிக்கும் சமைத்துப் போட்டு, பரிமாறி, எச்சில் கோப்பை கழுவியவர். பங்களாவின் முன்பக்கத்தில் மூன்று சுவரும் கண்ணாடியாலான ஓர் அறை உண்டு. துரையும் துரைசாணியும் காலைத் தேநீரை அங்கேதான் குடிப்பார்கள். என் மனைவி சிறுமியாக இருந்தபோது தினமும் காலையில் பால் போத்தலைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்துக் குசினிப் படியில், அதாவது சமையலறை வாசற்படியில், வைப்பாள். படியில் நின்று எட்டிப் பார்த்தால், திறந்திருக்கும் இரண்டு கதவுகளுக்கு அப்பால் அந்தக் கண்ணாடியில் ஒரு கீற்று தெரியுமாம். அதில் வானம் இருக்குமாம். படிக்கு மேலே அவள் கால் வைத்ததில்லை. வைக்கக்கூடாது.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஒரு நாள், நான் எதையோ கேட்டதற்குப் பதிலாக அவள் சொன்னாள்: “எனக்கு நகையும் வேணாம், ஒண்ணும் வேணாங்க. அந்தக் கண்ணாடி ரூம்ல உக்காந்து ஒரு டீ குடிக்கணும். அம்புட்டுத்தான்.”

அப்போது அது நடக்கிற காரியமில்லை. துரைமாரின் பங்களாவில் போய் உட்காருவதற்கு எந்தப் படிவமும் கிடையாது. இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் இரத்தினபுரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் ஒருவர் பிறப்பதற்கும் இறப்பதற்கும் இடையில் நிரப்ப வேண்டிய எல்லாத் தாள்களும் என் மேசை வழியாகத்தான் போயின.

பிறகு தோட்டங்களைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. கொழுந்தைவிடப் பங்களா நன்றாக விலை போகும் என்று கண்டுபிடிக்க அவர்களுக்குச் சில வருடங்களே ஆயின. போர்நிறுத்தம் வந்து, வெள்ளைக்காரர்கள் மறுபடியும் விமானத்தில் வந்து இறங்கத் தொடங்கிய காலத்தில், பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். அதே பங்களா. மலை உச்சியில் குளிர்ச்சியான தங்குமிடம், அந்தக்காலத் துரைமாரின் வாழ்க்கையை ஒரு நாள் நீங்களும் வாழ்ந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். துரைமாரின் வாழ்க்கையை முப்பத்தைந்து வருடம் நான் அருகில் நின்று பார்த்தவன். வாழ்ந்து பார்க்கும் ஆசை எனக்கு வரவில்லை. விளம்பரத்தை வெட்டி மனைவியிடம் கொடுத்தேன். அவள் படத்தில் கண்ணாடி அறை இருந்த இடத்தை விரலால் தொட்டுவிட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொழும்புக்கு எழுதினேன். முற்பணம் அனுப்பினேன். உறுதிக்கடிதம் வந்தது. ஓர் இரவு, இருவர், ஓர் அறை. பிறகு கோப்பு தயாரித்தேன். உறுதிக்கடிதம், முற்பண ரசீது, இரண்டு அடையாள அட்டைகள், அவற்றின் பிரதிகள் இரண்டு, கிராம சேவகரின் கடிதம், அதன் மேல் பிரதேச செயலகத்தின் முத்திரை, ஓய்வூதியக் கடிதம், விவாகச் சான்றிதழ், என் பிறப்புச் சான்றிதழ், கடைசியாக அவளுடையது. சண்டை நடந்த காலத்தில் ஒரு தாள் குறைந்ததற்காகச் சந்திச் சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் வெயிலில் நிறுத்தப்பட்டவனுக்கு இது மிகையாகத் தோன்றாது. மனைவி கோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“நாம டீ குடிக்கப் போறோமா, கோட்டுக்குப் போறோமா?”

“ஒனக்குத் தெரியாது. ஒரு கடுதாசி கொறஞ்சாலும் வாசல்லயே நிப்பாட்டிடுவாங்க.”

“கூடிப்போனா?”

“கூடிப்போனா எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

முப்பத்தைந்து வருடம் அலுவலகத்தில் இருந்தவன் சொன்ன வார்த்தை அது.

பலாங்கொடையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தோம். பங்களாவுக்குக் கீழே உள்ள வளைவோடு ஆட்டோக்காரர் நின்றுவிட்டார். மேலே வாடகை வாகனங்கள் வரக்கூடாதாம். தூறிக்கொண்டிருந்தது. மனைவி புதுச் செருப்பு போட்டிருந்தாள். அவள் காலத்தில் பங்களா வளவுக்குள் செருப்போடு போகக்கூடாது. அதனாலேயே இந்தப் பயணத்துக்கென்று வாங்கினாள். குடையை விரித்துக்கொண்டு நடந்தோம். வளைவு திரும்பிப் பங்களாவின் கூரை தெரிந்ததும் அவள் சட்டென்று குடையை மடக்கிவிட்டாள்.

“என்னத்துக்கு மடக்குற? மழை பெய்யுதுல்ல?”

அவள் தன் கையிலிருந்த குடையையே ஒரு தடவை பார்த்தாள். “ஐயையோ” என்றாள். துரையின் கண்ணில் படும் இடத்தில் தொழிலாளி குடை பிடிக்கக்கூடாது. துரை போய் எத்தனை வருடம்! அந்தத் துரைக்குப் பிறகு வந்த துரையும் போய்விட்டார். கை மட்டும் போகவில்லை.

அதோடு முடியவில்லை. வாசலை நெருங்கியதும் அவள் இடதுபக்கமாகத் திரும்பி, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அது குசினிக்குப் போகும் பாதை. அப்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. “முன்வாசல் இந்தப் பக்கம்” என்றேன், அலுவலகத்தில் பேசுகிற குரலில்.

முன்வாசலில் வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் சிவப்புத் தலைப்பாகையுமாக ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலைப்பாகை அவர் நெற்றியில் இறங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் நிறுத்தினார். பிறகு தமிழில், “யாரப் பாக்கணுங்க?” என்றார்.

“யாரையும் பாக்க வரல. தங்க வந்திருக்கோம்.”

“ஓ, விசிட்டரா!” என்று சிரித்தார். “மன்னிச்சுக்குங்க. நம்ம ஆளுகளா இருக்கவும் வேலை கேட்டு வந்தீங்களோன்னு நெனச்சிட்டேன்.” பையை வாங்கிக்கொண்டார். உள்ளே ஒரு தட்டில் கேத்தலும் இரண்டு கோப்பைகளும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வந்து இறங்கும் விருந்தினர்களுக்கு அங்கே தேநீர் கொடுப்பது வழக்கம். ஆனால் அதைக் கண்ணாடி அறையில் வைப்பதா, வேறெங்காவது வைப்பதா என்று அவர் வரவேற்பு மேசையிலிருந்த மனேஜரைப் பார்த்தார். மனேஜர் கையால் ‘பொறு’ என்றார்.

மனேஜர் இளவயதுக்காரர். கழுத்துப்பட்டி அணிந்திருந்தார். ஹோட்டல் படிப்புப் படித்தவர் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. அவர் முன்னால் இரண்டு பெரிய பதிவேடுகள் இருந்தன, ஒன்று பச்சை அட்டை, ஒன்று நீல அட்டை. பச்சையைத் திறந்தபடி, அடையாள அட்டைகளைத் தாருங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கொடுத்தேன். உறுதிக்கடிதத்தில் மனைவியின் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருப்பதைக் காட்டினார். எங்கள் ஆட்களில் பாதிப் பேருடைய பெயர் அப்படித்தான். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. மனேஜர் அதைப் பெரிதுபடுத்தவே இல்லை. பரவாயில்லை அங்கிள் என்றுதான் சொன்னார்.

பரவாயில்லை என்று ஒருவர் சொன்னால் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனாக நான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அது குறையாகப்பட்டது. ஒரு பெயர் இரண்டு விதமாக இருந்தால் மூலப் பத்திரத்தைக் காட்டித் தீர்ப்பதுதான் முறை. கோப்பைத் திறந்து, பதினோராவது பத்திரமான அவளுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். உடன், ஒழுங்குக்காக, என்னுடையதையும்.

அவர் வாசித்தார். ஒரு வரியில் விரல் நின்றது.

“அங்கிள், இதுல இந்தியன்னு போட்டிருக்கே?”

“இந்தியத் தமிழர் என்று போட்டிருக்கிறது. அது இனம். நாடு அல்ல.”

“பாஸ்போட் இருக்கா?”

“எதற்கு?”

“இந்தியாக்காரங்கன்னா பாஸ்போட் பாக்கணுமே.”

நானும் சிங்களத்தில்தான் பேசினேன். அவரைவிடச் சுத்தமான சிங்களத்தில் என்று சொன்னால் தற்பெருமையாகாது. என் தகப்பனார் பிறந்தது கேகாலையில். நான் இந்தியாவைப் பார்த்தது பள்ளிக்கூடத்துத் தேசப்படத்தில். பிரஜாவுரிமைச் சட்டங்கள் எத்தனை, எது எப்போது எங்களை நாடற்றவர்களாக்கித் தள்ளியது, எது எப்போது சேர்த்தது என்பதையெல்லாம் பிரிவு எண்களோடு சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில், கேட்டார்:

“அப்ப ஏன் அங்கிள் இந்தியன்னு எழுதினாங்க? யாரு எழுதினது?”

“தோட்டத்து ஆபீசில் எழுதி அனுப்புவார்கள்” என்றேன்.

அவர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தார். இருபது நிமிடம் போனது. மனைவி நனைந்த சேலையோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே நான்கு நாற்காலிகள் இருந்தன. யாரும் உட்காரச் சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார அவளுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். மேசையில் கேத்தல் வாயிலிருந்து வந்த ஆவி நின்றுபோயிருந்தது.

மனேஜர் டெலிபோனை வைத்துவிட்டு, நல்ல செய்தி கொண்டுவந்தவர்போலச் சிரித்தார். பத்திரத்தில் இந்தியா என்று இருந்தால் வெளிநாட்டார் புத்தகத்தில் எழுதிவிடுங்கள், பிறகு பொலிஸ் கேட்டால் நமக்குத் தொல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நீலப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினார்.

“எழுத மாட்டேன். நான் இந்த நாட்டுக்காரன். பச்சையைக் கொடுங்கள்.”

அவர் மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். “அங்கிள், பச்சையில எழுதினா பின்பக்கம்தான் ரூம் தரலாம். லோக்கல் ஆக்களுக்குப் புதுசாக் கட்டினது. நல்ல ரூம், சுடுதண்ணி எல்லாம் இருக்கு. முன்பக்க ரூமும் கண்ணாடி ரூமும் வெளிநாட்டு ஆக்களுக்கு மட்டும். நீலத்துல எழுதினா உங்களுக்குத்தானே நல்லது? காசு கூட்ட மாட்டேன்.”

“பின்பக்கம் என்றால் எங்கே?”

“பழைய குசினி இருந்த இடம்.”

அந்தப் பிள்ளைமேல் எனக்கு இன்றும் கோபமில்லை. அவர் எனக்கு உதவிதான் செய்தார். அதனால்தான் அன்று எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. திட்டுவதற்கு ஒரு முரடன் கிடைத்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். உறுதிக்கடிதத்தில் இப்படி ஒரு நிபந்தனை இல்லை, நுகர்வோர் சட்டப்படி இது செல்லாது, முறைப்பாடு எழுதப்போகிறேன், தாள் கொடுங்கள் என்றேன். தாளும் கொடுத்தார்.

என் மனைவிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் என்னிடம் தமிழில் கேட்டாள்.

“எந்தப் பொத்தகத்துல எழுதினா அந்த ரூமுக்குள்ள போகலாம்?”

“நீலத்துல.”

“அப்ப நீலத்துல எழுதுங்க.”

“விளங்காமப் பேசாத. அதுல எழுதினா நாம வெளியாளுங்கன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி.”

“பச்சையில எழுதினா?”

“குசினிப் பக்கம்.”

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை. “நம்ம ரெண்டு புள்ளைகளுக்கும் பொறப்புப் பதிஞ்சீங்களே, அந்தக் கட்டத்துல என்னா எழுதினீங்க?”

நான் சான்றிதழ்களை எடுத்துக் கோப்புக்குள் வைத்தேன்.

“லயத்துல பொறந்த அத்தனை புள்ளைகளுக்கும் என்னா எழுதினீங்க? அன்னக்கி கை கூசலல்ல? இன்னக்கி எனக்கு ஒரு டீக்குத்தான் கூசுதா? பேனாவ எடுங்க.”

அவளுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன். தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தால் பதிவாளருக்குப் போகும் படிவத்தை ஆபீசில்தான் நிரப்புவோம். பெயர், தேதி, தாய், தகப்பன் எல்லாம் ஒவ்வொன்றுக்கும் மாறும். இனம் என்ற கட்டம் மட்டும் மாறாது. ஆகவே மழைக்காலத்தில் ரப்பர்ப் பால்வெட்டு இல்லாத மத்தியானங்களில், வேலை குறைவாக இருக்கும்போது, ஒரு கட்டுப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தில் மட்டும் ‘இந்தியத் தமிழர்’ என்று வரிசையாக எழுதி அடுக்கிவிடுவேன். அழகான கையெழுத்து. பிள்ளை பிறந்த பிறகு மற்றதை நிரப்பினால் போதும். இன்னும் வயிற்றில் தரிக்காத பிள்ளைகளுக்குக்கூட நான் எழுதி வைத்திருந்தேன். என் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த அடுக்கிலிருந்துதான் மேலே இருந்த தாளை எடுத்தேன். துரை என் வேகத்தை மெச்சினார். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டம் அந்தக் கட்டத்தைத்தான் வைத்தது, முன்கூட்டியே நிரப்பியவன் நான்.

பேனாவை எடுத்தேன். நாடு என்ற இடத்தில் ‘இந்தியா’ என்று எழுதினேன். கடவுச்சீட்டு எண் என்ற இடத்தில் இலங்கை அடையாள அட்டை எண்ணை எழுதினேன். வருகையின் நோக்கம்: சுற்றுலா. அடுத்த கட்டம், இலங்கைக்கு வந்து சேர்ந்த தேதி. அதில் என் பிறந்த தேதியை எழுதினேன். கீழே அவளுக்கு அவள் பிறந்த தேதியை. மனேஜர் புத்தகத்தை வாங்கி, எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடினார். அதை மாலையில் பொலிஸும் பார்த்திருக்கும். அறுபது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் தங்கிவிட்ட இரண்டு உல்லாசப் பயணிகளைப் பற்றி இதுவரை யாரும் விசாரிக்க வரவில்லை.

சிவப்புத் தலைப்பாகைக்காரர் உடனே நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் குவித்து, “ஆயுபோவன்” என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னார்.

“நம்ம பாசையிலயே சொல்லுங்கண்ணே” என்றாள் மனைவி.

“நீலப் பொத்தகத்துக்காரவங்களுக்கு இப்படித்தாம்மா சொல்லணும். உத்தரவு.” அவர் கண்ணில் சிரிப்பு இருந்தது. “வாங்க, தொரசாணி.”

கண்ணாடி அறையில் ஐந்தாறு பிரம்பு நாற்காலிகள். வெளியே மூடுபனி. மலையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. கண்ணாடி மூன்று பக்கமும் வெள்ளை அடித்த சுவர்போல இருந்தது. அவள் ஒரு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாய்ந்தாள். தலைப்பாகைக்காரர் அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கேத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஆறிப்போச்சும்மா. வேற ஊத்திக்கிட்டு வாறேன்” என்றார்.

“வேணாம். வச்சிட்டுப் போங்க.”

புதுத் தேநீர் வருவதற்குள் இன்னொரு டெலிபோன் வந்துவிடும் என்று அவள் பயந்தாள். அதை அவள் சொல்லவில்லை. ஊற்றிய வேகத்தில் தெரிந்தது. எனக்கும் ஊற்றினாள். நான் குடிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து முறைப்பாட்டின் முதல் பந்தியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவள் குடித்து முடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு, பனியைப் பார்க்காமல் உடம்பைத் திருப்பி வீட்டின் உட்பக்கம் பார்த்தாள். ஒரு கதவு, அதற்கு அப்பால் இன்னொரு கதவு, அதற்கும் அப்பால் இருட்டு. இரண்டு தடவை நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள்.

“இங்கருந்து பாத்தா அந்தப் படி இருந்த எடமே தெரியலங்க” என்றாள். “நான் தெனம் அங்க நிப்பேன். தொரைக்கும் தொரசாணிக்கும் தெரிஞ்சிருக்கவே இருக்காது.”

மறுநாள் காலையில் புறப்பட்டோம். கீழே இறங்கும்போதும் தூறல் இருந்தது. குடையை நான் விரித்து அவள் கையில் கொடுத்தேன். வளைவு தாண்டும்வரை மடக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள், கை நோகிற மாதிரி இறுக்கமாக.

முறைப்பாடு நான்கு பக்கம் எழுதினேன். மூன்று இடங்களுக்குப் பிரதி. பதில் இல்லை. சில மாதங்கள் கழித்து, இரத்தினபுரி முகவரிக்கு, கொழும்பிலிருந்து தடித்த உறையில் ஒரு கடிதம் வந்தது. பதில்தான் என்று நினைத்து உடைத்தேன். அது ‘எங்கள் பங்களாவில் தங்கிச் சென்ற வெளிநாட்டு விருந்தினர்களுக்கு’ என்று அச்சடித்த கேள்விப் படிவம். உங்கள் இலங்கைப் பயணம் எப்படி இருந்தது? இலங்கை மக்களின் உபசரிப்பு எப்படி? மீண்டும் இலங்கைக்கு வருவீர்களா? ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம்.

முன்கூட்டியே கட்டம் நிரப்பியவனுக்கு இதைவிடப் பொருத்தமான சம்பளத்தை எவராலும் யோசித்துக் கொடுக்க முடியாது. படிவத்தை மேசையில் அறைந்தேன். மனைவி வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கிழிக்கப் போனேன். அவள் தாளின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிக்காதீங்க. கடைசியில வேற ஏதும் சொல்லணும்னா எழுதச் சொல்லி எடம் விட்டிருக்காங்கதானே?”

“இருக்கு.”

“டீ ஆறிப்போயிருந்துச்சுன்னு எழுதுங்க.”

“அதுவா இப்ப முக்கியம்?”

“எனக்கு அதுதான் முக்கியம். அந்த ரூம்ல எங்கப்பா ஒரு நாளும் ஆறின டீ வச்சதில்ல.”

மற்றக் கட்டங்களில் நான் பேனா வைக்கவில்லை. வருவேனா மாட்டேனா என்பதற்கும் வைக்கவில்லை. கடைசி இடத்தில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதினேன், அதற்குக் கீழே சிங்களத்தில், அதற்குக் கீழே ஆங்கிலத்தில். கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். நான் நிரப்பிய படிவங்களில் கட்டங்கள் வெறுமையாகப் போனது அது ஒன்றுதான். பேனாவை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் எழுத்துகள் புடைத்துக்கொண்டு நின்றன.